மூச்சை அடக்காதே! – பாய்மரக் கப்பல் மாணவர் கற்கும் கடற்பாடம்

கடற்கரைக்குச் சுற்றுலா போகும் ஒவ்வொரு முறையும் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் வார்த்தை ஒன்று உண்டு: "முழங்காலுக்கு மேல இறங்க வேணாம்." சொல்பவர் பெரும்பாலும் உம்மா. அதில் தவறில்லை. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அதைவிட நல்ல அறிவுரை கிடையாது.

ஆனால் நாம் வாழ்வது தீவு. மீன் இல்லாத சோற்றைக் கண்டு முகஞ்சுளிக்கும் நாம், அந்த மீன் வாழும் உலகைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறோம்? கடலைப் பற்றிய அச்சத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையளித்து வருகிறோம். அறிவை அப்படிக் கையளிக்கிறோமா?

உலகின் சில கடல்களில் மாணவர்கள் பாய்மரக் கப்பல்களில் ஏறி, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிப் படிக்கிறார்கள். நீருக்குள் மூழ்கி, அங்கு வாழும் உயிர்களை நேரில் கண்டு, குறிப்பெடுத்துத் திரும்புகிறார்கள். கரீபியன் கடலிலுள்ள வேர்ஜின் தீவுகளைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பு இத்தகைய பயணங்களுக்குப் பெயர்பெற்றது. அந்த மாணவர்கள் அங்கு என்ன கற்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். விஞ்ஞானப் பாடத்தில் நாம் கரும்பலகையில் படித்த விதிகள் பல இங்கே உயிர் காக்கும் விதிகளாக மாறுவதைக் காண்பீர்கள்.

கப்பலே வகுப்பறை

பயிற்சிக் கப்பலில் பயணி என்று எவரும் இல்லை. எல்லோரும் பணியாளர்களே. பாயை ஏற்றுவதும் இறக்குவதும், சுக்கான் பிடிப்பதும், சமைப்பதும், கழிவறை கழுவுவதும் மாணவர் பொறுப்பு. இரவும் பகலும் முறைவைத்துக் காவல் நிற்க வேண்டும். நள்ளிரவில் எழுப்பப்பட்டு, தூக்கக் கலக்கத்தோடு தளத்துக்கு வரும் மாணவி, கப்பலின் திசை, வேகம், காற்று, வளியமுக்கம் ஆகியவற்றை அளந்து பதிவேட்டில் எழுதுவாள். அவள் எழுதும் எண்ணை நம்பித்தான் மற்றவர்கள் உறங்குகிறார்கள்.

நன்னீர் அளவோடுதான் கிடைக்கும். பல் துலக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே மறைந்துவிடும். ஒருவருடைய கவனக்குறைவு அனைவரையும் பாதிக்கும் என்பதை யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. கப்பலே அதைக் கற்பித்துவிடும். நீருக்குள் இறங்குவதற்கு முன் மாணவருக்குத் தேவைப்படும் முதல் தகைமையும் அதுவே.

நீரின் அமுக்கமும் போயிலின் விதியும்

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அமுக்கம் தாக்குகிறது. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் கீழே போகும்போதும் ஏறத்தாழ இன்னுமொரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. ஆகவே 10 மீற்றரில் 2, 20 மீற்றரில் 3, 30 மீற்றரில் 4.

மாறா வெப்பநிலையில் வாயுவொன்றின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதசமமானது என்பது போயிலின் விதி. மேற்பரப்பில் 6 லீற்றர் வளி நிரம்பிய பலூனை 10 மீற்றர் ஆழத்துக்குக் கொண்டு சென்றால் 3 லீற்றராகவும், 20 மீற்றரில் 2 லீற்றராகவும், 30 மீற்றரில் ஒன்றரை லீற்றராகவும் சுருங்கும்.

இனித் தலைகீழாக யோசியுங்கள். சுழியோடி முதுகிலுள்ள உருளையிலிருந்து சுவாசிப்பது சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்திலுள்ள வளி. 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரல் நிறைய அந்த வளியை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் என்ன நடக்கும்? அவ்வளி இரு மடங்காக விரியும். நுரையீரல் அதைத் தாங்காது. இரண்டு மீற்றர் ஆழத்திலிருந்துகூட இத்தகைய காயம் ஏற்படலாம். அதனால்தான் உருளை அணியும் மாணவருக்குச் சொல்லப்படும் முதல் விதி: "ஒருபோதும் மூச்சை அடக்காதே, தொடர்ந்து சுவாசி."

இங்கே ஒரு கேள்வி எழும். நமது மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தானே மூழ்கினார்கள்? ஆம். அவர்கள் மேற்பரப்பில் இழுத்த மூச்சோடு கீழே போனார்கள். அது ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பியது. அதற்கு மேல் விரியவில்லை. மூழ்கியது ஒரே கடலில்தான். ஆனால் மூச்சு எங்கே இழுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விதி மாறிவிடுகிறது. காரணம் அறியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்வதன் ஆபத்து இதிலிருந்து புரிகிறதல்லவா?

இரண்டாவது ஆபத்து நைதரசனால் வருவது. அமுக்கம் கூடக்கூடத் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும். ஆழத்தில் நேரம் செல்லச் செல்ல நைதரசன் நம் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. வேகமாக மேலெழுந்தால் அது குமிழிகளாக வெளிப்படும். சோடாப் போத்தலின் மூடியைத் திடீரெனத் திறக்கும்போது நாம் காண்பதும் இதுவே. மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை இதனால் நேரலாம். எனவே மெதுவாக ஏற வேண்டும். மேற்பரப்புக்கு முன் 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து நிற்க வேண்டும். தலைக்கு மேலே சூரிய ஒளி தெரியும். கப்பலின் அடிப்பாகம் தெரியும். இருந்தும் காத்திருக்க வேண்டும். பொறுமைக்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

வளிக் கணக்கு

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். 12 லீற்றர் கொள்ளளவுள்ள உருளையில் 200 மடங்கு வளிமண்டல அமுக்கத்தில் வளி அடைக்கப்பட்டிருக்கிறது எனக் கொள்வோம். சாதாரண அமுக்கத்தில் அது ஏறத்தாழ 2400 லீற்றர். அதில் கால்பங்கு, அதாவது 600 லீற்றர், தொடக்கூடாத சேமிப்பு. மீதி 1800 லீற்றர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கும் ஒருவருக்கு இது 90 நிமிடம் போதும். 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மும்மடங்கு என்பதால் அவருக்கு நிமிடத்துக்கு 60 லீற்றர் தேவை. அப்போது கிடைப்பது 30 நிமிடம் மட்டுமே.

பதற்றமடைந்தால் சுவாசம் விரைவுபடும். அந்த 30 நிமிடமும் குறையும். ஆகவே அமைதி என்பது இங்கே நற்பண்பு மட்டுமல்ல, அளந்து பார்க்கக்கூடிய சேமிப்பு. தனியே மூழ்குதலும் தடை. எப்போதும் இருவராக இறங்கி, ஒருவர் மற்றவருடைய அமுக்கமானியையும் கவனிக்க வேண்டும்.

பேச்சு இல்லாத உலகம் என்பதால் கைச்சைகையே மொழி. அதிலும் ஒரு பொடி உண்டு. கரையில் கட்டைவிரலை உயர்த்தினால் "நன்று" என்று பொருள். நீருக்குள் அதற்கு "மேலே போவோம்" என்று பொருள். "நலமாக இருக்கிறேன்" என்று சொல்லப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். புதிய மாணவர் இதில் தடுமாறுவது வழக்கம்.

நிறமும் ஒலியும்

நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தை. சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். இன்னும் கீழே விரலில் கீறல் பட்டால் கசியும் குருதி பச்சை கலந்த நிறமாகத் தோன்றும். கைவிளக்கை ஏற்றினால்தான் சாம்பல் நிறப் பாறை என்று நினைத்தது செம்மையும் மஞ்சளுமாக மலரும். முகக்கண்ணாடியின் ஊடாகப் பார்க்கும் பொருள் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் அருகிலும் தெரியும். "இவ்வளவு பெரிய சுறா!" என்று மேலே வந்து கைவிரித்துக் காட்டும் மாணவரிடம் ஆசிரியர் அமைதியாகக் கேட்பார்: "கண்ணாடிக் கணக்கைக் கழித்துவிட்டீரா?"

ஒலி நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் வேகத்தில் செல்கிறது. வளியில் செல்வதைவிட இது நான்கு மடங்குக்கும் மேல். ஆகையால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நம் காதுகளால் பிரித்தறிய முடியாது. படகின் இயந்திர ஓசை கேட்டாலும் அது எப்பக்கம் என்று தெரியாது. ஆண்டின் முதல் மாதங்களில் கூனல் திமிங்கிலங்கள் இப்பகுதிக்கு வருகின்றன. உருவமே தெரியாத தொலைவிலிருந்து அவற்றின் பாட்டு, மூழ்கியிருப்பவரின் நெஞ்சுக்கூட்டில் அதிர்வாக உணரப்படும்.

'ரோன்' கப்பல் சொல்லும் பாடம்

பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில் சோல்ட் தீவின் அருகே 'ரோன்' என்னும் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. நீராவியாலும் பாயாலும் ஓடிய, 94 மீற்றர் நீளமான பிரித்தானியத் தபால் கப்பல் அது. 1867 ஒக்ரோபர் 29ஆம் திகதி பீற்றர் தீவின் துறையில் நங்கூரமிட்டிருந்தபோது வளியமுக்கமானி வீழ்ந்தது. சூறாவளிக் காலம் முடிந்துவிட்டதென்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அருகே நின்ற இன்னொரு கப்பலின் பயணிகளும், பாதுகாப்பானது என்று கருதி ரோனுக்கு மாற்றப்பட்டார்கள்.

வந்தது சூறாவளியே. அதன் கண் கடந்த சிறு அமைதியில் கப்பற்றலைவர் திறந்த கடலுக்கு விரைய முயன்றார். நங்கூரம் சிக்கிக்கொண்டதால் அதைச் சங்கிலியோடு கைவிட்டுப் புறப்பட்டார். ஆனால் எதிர்த்திசையிலிருந்து திரும்பிய காற்று கப்பலைச் சோல்ட் தீவின் மேற்கு முனைப் பாறையில் மோதியது. கொதிகலன்களைக் குளிர்ந்த கடல்நீர் தொட்டதும் அவை வெடித்தன. கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தப்பியோர் இருபத்துமூவர் மட்டுமே.

இன்று அவ்விடம் பாதுகாக்கப்பட்ட கடற்பூங்கா. முற்பகுதி ஏறத்தாழ 25 மீற்றர் ஆழத்திலும், வெண்கலச் சுழலியுள்ள பிற்பகுதி அதைவிடக் குறைந்த ஆழத்திலும் கிடக்கின்றன. இரும்புச் சட்டங்களில் முருகைகள் படர்ந்திருக்கின்றன. மீன் கூட்டங்கள் அறைகளாக்கிக்கொண்டுள்ளன. மாணவர்கள் அங்கே மூழ்கும்போது அது ஒரு கல்லறை என்பதும் நினைவூட்டப்படுகிறது. எதையும் எடுக்கக்கூடாது. நள்ளிரவில் வளியமுக்கமானியைப் பார்த்து எழுதும் அந்த எண் ஏன் முக்கியம் என்பதும் அங்கேதான் மனதில் பதிகிறது.

கடல்வாழ் உயிர்களைச் சந்தித்தல்

பலர் முதலில் கேட்பது சுறாவைப் பற்றியே. இப்பகுதியில் அடிக்கடி காணப்படுவது 'நர்ஸ் சுறா'. பகலில் பாறை நிழலில் அசையாது படுத்திருக்கும். சுறாக்கள் ஓயாது நீந்தினால்தான் சுவாசிக்க முடியும் என்ற பொதுக்கருத்துக்கு இது விதிவிலக்கு. வாயால் நீரை உள்ளிழுத்துச் செவுள்களின் மேல் செலுத்தி, கிடந்த இடத்திலேயே சுவாசிக்கும். இது மனிதரைக் கடித்த சம்பவங்களில் பல, வாலைப் பிடித்து இழுத்ததால் நேர்ந்தவை. உறங்குபவரின் காலைப் பிடித்து இழுத்தால் யார்தான் சும்மா இருப்பார்?

திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது அதிர்வை உணர்ந்து விலகிவிடும். சீலா மீன் பளபளக்கும் பொருளை இரையென்று மயங்கலாம். எனவே சங்கிலி, மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டே இறங்க வேண்டும். இவை பயத்தினால் எழுந்த தடைகளல்ல. அந்தந்த உயிரின் இயல்பை அறிந்ததால் பிறந்த ஒழுங்குகள்.

கடலாமையே மாணவர்களை அதிகம் சோதிப்பது. அழுங்காமை கடற்பஞ்சுகளைக் கொரித்துக்கொண்டு நம் அருகிலேயே நிற்கும். தொட்டுப் பார்க்கக் கை துடிக்கும். ஆனால் ஆமைக்குச் செவுள் கிடையாது. அது நம்மைப் போல நுரையீரலால் சுவாசிப்பது. மூச்செடுக்க மேலே போயே ஆக வேண்டும். அமைதியாக ஓய்வெடுக்கும் ஆமை மணிக்கணக்கில் நீருக்குள் இருக்கும். துரத்தப்பட்டால் அதன் ஒட்சிசன் சேமிப்பு விரைவாகத் தீரும். அது மேலெழும் வழியை மறித்து நின்று படம் எடுப்பவர், அதனுடைய மூச்சையே மறித்து நிற்கிறார்.

தன் உருளையில் எவ்வளவு வளி மிஞ்சியிருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கக் கற்ற மாணவிக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூச்சின் அருமை தெரிந்தவர் மற்றோர் உயிரின் மூச்சுக்கு வழிவிடுவார்.

முருகைக் கற்பாறையும் உயிருள்ளதே. பாறைபோல் திரண்ட முருகை இனங்களில் சில ஆண்டுக்கு ஒரு சென்றிமீற்றர்கூட வளர்வதில்லை. கவனமில்லாத ஒரு துடுப்பு உதை, பல ஆண்டு வளர்ச்சியை முறித்துவிடும். அதனால் நீரில் மேலும் போகாமல் கீழும் போகாமல் மிதக்கக் கற்ற பின்னரே மாணவர் முருகைக்கு அருகே அழைத்துச் செல்லப்படுகிறார்.

எண்ணிப் பார்ப்பதும் கல்வியே

மாணவர்கள் அளவுநாடாவை விரித்து, அதன் இருபுறமும் காணும் மீன்களையும் முருகைகளையும் நீர்புகாப் பலகையில் எண்ணிக் குறிக்கிறார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் கரீபியன் கடலின் கதை இத்தகைய எண்ணிக்கைகளால்தான் தெரியவந்தது.

1983இல் பனாமாக் கரையில் நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலிகள் இறக்கத் தொடங்கின. ஏறத்தாழ ஓராண்டுக்குள் நோய் கரீபியன் முழுவதும் பரவி, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை மடிந்தன. அவை பாசியை மேய்ந்து வந்தவை. மேய்வோர் இல்லாமற்போகவே பாசி முருகையை மூடியது. யாரும் விரும்பிப் பார்க்காத ஒரு முட்பிராணி, பெருங்கட்டடம் ஒன்றின் துப்புரவுப் பணியாளராக இருந்தது அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு கதை நமக்கு நெருக்கமானது. செவ்வரி படர்ந்த உடலும் விசிறிபோன்ற செட்டைகளும் கொண்ட சிங்கமீன் நமது இந்து சமுத்திரத்துக்கும் பசுபிக்குக்கும் உரியது. 1985இல் அது புளோரிடாக் கரையில் முதலில் காணப்பட்டது. மீன்தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதால் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பின்னர் கரீபியன் எங்கும் பெருகி, அங்குள்ள சிறுமீன்களைப் பெருமளவு உண்டுவருகிறது. இங்கே அளவோடு வாழும் அழகிய மீன், அங்கே அழிவைத் தருகிறது. மீன் மாறவில்லை, இடம்தான் மாறியது. வீட்டுத் தொட்டி மீனை ஆற்றில் விடுவது இரக்கம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஐந்து பெண்கள், பதினான்கு நாட்கள்

இதே வேர்ஜின் தீவுகளில், சென் ஜோன் தீவின் குடாவொன்றில், 1970இல் வியத்தகு ஆய்வொன்று நடந்தது. ஏறத்தாழ 15 மீற்றர் ஆழத்தில் கடலின் அடியில் 'ரெக்டைட்' என்னும் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் அதிலேயே வாரக்கணக்கில் தங்கினர். கடற்பாசி ஆய்வாளரான சில்வியா ஏர்ல் விண்ணப்பித்தபோது அவருக்கு ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேற்பட்ட சுழியோடல் அனுபவம் இருந்தது. ஆயினும் ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் தங்குவதை ஏற்பாட்டாளர்கள் ஏற்கவில்லை.

அதனால் பெண்கள் மட்டுமே கொண்ட ஐவர் குழு அமைக்கப்பட்டது. ஏர்ல் தலைமை தாங்கினார். இரு வாரங்கள் நீருக்கடியில் தங்கி, மீன்களையும் தாவரங்களையும் ஆராய்ந்தனர். ஒரே இடத்தில் நாள்தோறும் பார்த்ததால், ஒவ்வொரு மீனுக்கும் தனிப்பட்ட நடத்தை இருப்பதை உணர்ந்ததாக ஏர்ல் பின்னர் பலமுறை கூறியுள்ளார். வேறுபட்ட ஏற்பாடு தேவைப்பட்டது, அது செய்யப்பட்டது, அறிவும் வளர்ந்தது. இந்நிகழ்வைப் பெற்றோர் கவனத்துக்கு விசேடமாக முன்வைக்கிறேன்.

நம் கடல், நம் பிள்ளைகள்

மன்னாரில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அரபு நாட்டவரும் அங்கே மூழ்கினர். கல்லைக் காலில் மாட்டி இறங்கியவரின் கயிற்றைப் படகிலிருந்த ஒருவர் கையில் பிடித்திருந்தார். கயிறு அசைந்ததும் மேலே இழுத்தெடுப்பது அவர் பொறுப்பு. இருவராக மூழ்கும் இன்றைய விதியின் மூத்த வடிவம் அது. கடலறிவு நமக்கு அந்நியமானதன்று. இடையில் கைநழுவவிட்டோம், அவ்வளவே.

உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து நமது கரைகளில் முட்டையிடுகின்றன. நிலாவெளிக்கு அருகேயுள்ள புறாத்தீவில் முருகைக் கற்பாறைகளும் கருநுனிச் சுறாக்களும் உள்ளன. அத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1998இன் கடல் வெப்பம் ஹிக்கடுவ முருகைகளை வெளிறச் செய்தது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த அமானிதத்தைப் பார்க்கவே தெரியாதவர்கள் எப்படிப் பாதுகாப்பார்கள்?

எல்லோரும் பாய்மரக் கப்பல் ஏற வேண்டும் என்பதில்லை. தொடக்கம் மிக எளியது: பெண் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிப்போம். பெண் பயிற்றுநர், தனியான நேரம், உரிய உடை ஆகியவற்றை ஏற்பாடு செய்வது பெற்றோரும் பாடசாலையும் சேர்ந்தால் இயலாத காரியமல்ல. "முழங்காலுக்கு மேல இறங்க வேணாம்" என்ற சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை. அத்துடன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வோம்: "நீந்தப் பழகு, பிறகு நாம் சேர்ந்து இறங்குவோம்."

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு ஏறுவதும், 30 மீற்றரிலிருந்து 20 மீற்றருக்கு ஏறுவதும் ஒரே தூரமே. நுரையீரலுக்கு எது அதிக ஆபத்தானது? கணக்கிட்டுக் காட்டுக.

2. மேலே கூறிய உருளையோடு 10 மீற்றர் ஆழத்தில் எத்தனை நிமிடம் தங்கலாம்?

3. உங்கள் ஊரின் கடலிலோ களப்பிலோ ஆற்றிலோ, யாரும் பொருட்படுத்தாத ஓர் உயிரினத்தைத் தெரிவுசெய்க. அது இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடமோ மீனவர் ஒருவரிடமோ கேட்டு எழுதுக.